குழந்தைகளுக்குத் தமிழ்: ‘அடேயப்பா’வும் ‘அச்சச்சோ’வும்



எங்கள் ஞாயிறு வகுப்பில் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி பாட்டி வடை சுட்ட கதையைச் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். பாட்டி, மரம், காகம், நரி எல்லாம் தமிழில்தான் வந்தன. வினைச்சொற்களிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. காகம் பாடுவதற்காக வாயைத் திறக்கும் இடம் வந்தது. குழந்தையின் கண்கள் விரிந்தன. இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். “அரே பாப் ரே! வடை கீழே விழுந்துடுச்சு!” என்றாள்.

அழைத்துப்போக வந்திருந்த அம்மாக்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். எல்லோரும் போனபின் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. கதை முழுவதும் தமிழில் சொன்ன குழந்தைக்கு, உள்ளம் துள்ளிய அந்த ஒரே இடத்தில் மட்டும் தமிழ் வரவில்லை.

தில்லியில் வளரும் குழந்தைக்கு இது இயல்புதான். பள்ளிப் பேருந்திலும் பூங்காவிலும் கிரிக்கெட் ஆடும் சந்திலும் ‘அரே’யும் ‘வாஹ்’வும் ‘ஹாய் ராம்’மும் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. அதுவும் பந்து ஜன்னலை உடைக்கும்போது, நாய் துரத்தும்போது என்று மனம் கொதிக்கிற நேரத்தில் விழுகின்றன. அப்படி விழுந்த சொல் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். நம் வீட்டில் குழந்தை கேட்கும் தமிழ் எது? “எழுந்திரு. பல் தேய். பாலைக் குடி. ஷூ போடு. ஹோம்வொர்க் முடிச்சியா?” இவ்வளவுதான். பால் பொங்கி வழிந்தால் நாமே “ஓ காட்!” என்கிறோம். ஸ்கூட்டரில் கீறல் விழுந்தால் நாம் சொல்லும் சொல்லை இங்கே அச்சடிக்க முடியாது, அதுவும் ஆங்கிலம்தான். ஆகவே குழந்தையின் கணக்கு மிகச் சரியானது. தமிழ் உத்தரவு போடுவதற்கு. ஆச்சரியப்பட வேறு மொழி.

‘அதனால் என்ன குறைந்துபோயிற்று?’ என்று கேட்பவர்களுக்காக ஒரு சம்பவம். வகுப்புக்கு வரும் ஒரு பையனின் ஆச்சி திருநெல்வேலிப் பக்கம் கிராமத்தில் இருக்கிறார். ஒருநாள் தொலைபேசியில், “நடையில வழுக்கி விழுந்துட்டேன்யா, கை வீங்கிக் கெடக்கு” என்று பேரனிடம் சொன்னாராம். பையன் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி ஆச்சி” என்றிருக்கிறான். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டான். பிறகு அறைக்குள் போய் அழுதான் என்று அவன் அம்மா சொன்னார். ஆச்சிக்கு அந்த அழுகை தெரியாது. அவர் காதில் விழுந்தது ‘சரி’ மட்டும்தான். “பேரனுக்கு எம்மேல ஒட்டுதலே இல்ல” என்று மகளிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

அவனுக்குப் பாசம் இருந்தது. வாக்கியம் அமைக்கவும் தெரியும். இல்லாதது ஒரே ஒரு சொல்: “ஐயோ, ஆச்சி!” அந்த இரண்டெழுத்தைச் சொல்லியிருந்தால் பாக்கியை ஆச்சி தானே புரிந்துகொண்டிருப்பார். அதனால்தான் இந்த முறை இலக்கணப் பாடத்தையும் எழுத்துப் பயிற்சியையும் தள்ளி வைத்துவிட்டு, உணர்ச்சிச் சொற்களைக் கதை வழியாகச் சொல்லித்தருவது பற்றி எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். கரும்பலகையில் ஆஹா, ஓஹோ, அந்தோ, அடடா, ஐயகோ என்று இருபது சொற்களை வரிசையாக எழுதிப்போட்டு, பக்கத்தில் பொருளும் எழுதி மனப்பாடம் செய்யச் சொன்னேன். குழந்தைகளும் சமர்த்தாக ஒப்பித்தார்கள். அடுத்த வாரம் ஒரு பையனின் வாழைப்பழம் தரையில் விழுந்தது. அவன் நிதானமாக என்னைப் பார்த்து, “அந்தோ!” என்றான். நாடக மேடையில் ராஜா மயங்கி விழுகிற தோரணை. பெரியவர்கள் சிரித்ததும் அவன் முகம் சுருங்கிப்போயிற்று. தவறு அவனுடையதல்ல. ‘அந்தோ’வும் ‘ஐயகோ’வும் ஏட்டில் வாழ்பவை, எந்த அடுக்களையிலும் கேட்காதவை. வாயில் புழங்குகிற சொல்லை வாயால்தான் கொடுக்கவேண்டும். பட்டியலை அன்றே அழித்துவிட்டேன்.

இலக்கணம் இதை இடைச்சொல் வகையில் வைத்திருக்கிறது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு உணர்ச்சிகளைச் சொல்லியிருக்கிறார். இளிவரல் என்பது இழிவும் அருவருப்பும்; மருட்கை என்பது வியப்பு; வெகுளி கோபம். குழந்தைகளுக்கு இந்தப் பெயர்கள் வேண்டாம். ஆனால் கதை தேர்ந்தெடுக்கும் நமக்கு இந்த எட்டும் நல்ல அளவுகோல். ‘இந்தக் கதையில் எத்தனை உணர்ச்சிகள் வருகின்றன?’ என்று விரல்விட்டுப் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது இருந்தால் வகுப்பு களைகட்டும்.

இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. அதே தொல்காப்பியர் உரியியலில் ‘ஐ’ என்ற ஓரெழுத்துச் சொல்லுக்கு வியப்பு என்று பொருள் சொல்லியிருக்கிறார். ஊரில் சிறு குழந்தையிடம் பலூனைக் காட்டிப் பாருங்கள். “ஐ!” என்றுதான் குதிக்கும். நம் வீட்டுக் குழந்தை “வாவ்” என்கிறது. ‘வாவ்’ சொல்லட்டும், பாதகமில்லை. ‘ஐ’யையும் சொல்லட்டும் என்பதுதான் நம் ஆசை.

இனி சொற்களுக்கு வருவோம். இவை எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. ‘ஐயோ’ என்பது துன்பமோ அச்சமோ சட்டென்று தாக்கும்போது வருவது. ‘ஐயையோ’ அதைவிடப் பெரியது; பெரும்பாலும் தவறு நம்முடையதாக இருக்கும்போது வரும். கேஸை அணைக்காமல் வெளியே வந்துவிட்டோம் என்று பேருந்து நிறுத்தத்தில் நினைவு வந்தால் ‘ஐயையோ’. ‘அச்சச்சோ’ சின்னக் கஷ்டத்துக்கு, அதுவும் பிறருடைய கஷ்டத்துக்கு உரியது. முழங்கால் சிராய்த்த தம்பிக்கு ‘அச்சச்சோ’ சொல்லலாம். தீப்பிடித்த வீட்டைப் பார்த்து யாரும் ‘அச்சச்சோ’ சொல்வதில்லை. ‘அடடா’வுக்கு இரண்டு முகம். “அடடா, பஸ் இப்பத்தானே போச்சு!” என்றால் வருத்தம். “அடடா, என்ன மணம்!” என்றால் ரசனை. குரல்தான் பிரித்துக்காட்டும். ‘அடடே’ எதிர்பாராத சந்திப்புக்கு: கதவைத் திறந்தால் ஊரிலிருந்து மாமா நிற்கிறார், “அடடே, வாங்க, வாங்க!”

‘அடேயப்பா’ அளவைக் கண்டு மலைப்பது. ‘அப்பாடா’ பாரம் இறங்கிய நிம்மதி. இந்த இரண்டையும் பிள்ளைகள் அடிக்கடி மாற்றிப்போடுகிறார்கள். குதுப் மினார் பார்க்கப் போனபோது எங்கள் மாணவன் ஒருவன் அந்த 73 மீட்டர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, “அப்பாடா!” என்றான். அவனே அதைச் சுமந்துகொண்டுவந்து இறக்கி வைத்தமாதிரி இருந்தது. அங்கேயே திருத்தினேன். “இது உயரமா இருக்கு, அதனால அடேயப்பா. வெயில்ல இவ்வளவு தூரம் நடந்துட்டு நிழல்ல உக்கார்றோமே, அப்ப சொல்லு அப்பாடா.” வேப்பமர நிழலில் உட்கார்ந்ததும் ஏழெட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து “அப்பாடா!” என்றார்கள். மறுபடி அவன் அதை மாற்றிச் சொன்னதில்லை.

கவனித்துப் பாருங்கள். வலித்தால் அம்மா, பயந்தால் ஆத்தாடி, மலைத்தால் அடேயப்பா. உணர்ச்சி முட்டும்போதெல்லாம் நாம் கூப்பிடுவது வீட்டு மனிதர்களைத்தான்.

எந்த ஊர் வழக்கைச் சொல்லித்தருவது என்று ஒரு தகப்பனார் கேட்டார். உங்கள் வீட்டில் எது புழங்குகிறதோ அதைத்தான். மதுரைக்காரர் ‘ஆத்தாடி’ என்பார். இன்னொரு வீட்டில் ‘அம்மாடி’ என்பார்கள். ‘அடேங்கப்பா’ என்பாரும் உண்டு. முருகா, ராமா, அல்லா, ஏசுவே என்று கூப்பிடும் வீடுகளில் அதுவே உணர்ச்சிச் சொல். சில வீடுகளில் விளக்கு வைத்த நேரத்தில் ‘ஐயோ’ சொல்லக்கூடாது, அது எமன் மனைவியின் பெயர் என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். அந்த வீட்டுக் குழந்தைக்கு ‘அச்சச்சோ’ போதும். அந்த நம்பிக்கையோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் ஒன்று: 2016-ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியே ‘ஐயோ’வுக்கு இடம் கொடுத்துவிட்டது. இனி நம் பிள்ளைகள் வெட்கப்படக் காரணமில்லை!

சொல் மட்டும் போதாது. வாக்கியத்தின் வாலும் வேண்டும். “வடை விழுந்துடுச்சு” என்றால் அது செய்தி. “வடை விழுந்துடுச்சே!” என்றால் காகத்தின் மனம் அதில் இருக்கிறது. ஓர் ‘ஏ’தான் வித்தியாசம். போயிடுச்சே, மறந்துட்டேனே, உடைஞ்சுபோச்சே என்று சொல்லிப் பழக்குங்கள். ‘எவ்வளவு’, ‘என்ன’ என்ற கேள்விச் சொற்களும் இங்கே உதவும். “எவ்வளவு பெரிசு!” என்பதில் யாரும் பதில் கேட்கவில்லை. நம் பிள்ளைகளின் தமிழ் தட்டையாகக் கேட்பதற்குச் சொல்வளம் குறைவு என்பதைவிட, இந்த வால் இல்லாததுதான் பெரிய காரணம் என்பது என் அனுபவம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? கதை சொல்வதிலிருந்து அல்ல, கேட்பதிலிருந்து. ‘உம்’ கொட்டாத பிள்ளைக்குக் கதை சொல்லமாட்டேன் என்று நம் பாட்டிகள் அடம்பிடிப்பார்களே, அதில் பெரிய பாடம் இருக்கிறது. ஒரே ‘ம்’மில் எத்தனை வகை! ‘ம்’ என்றால் கேட்கிறேன். ‘ம்ம்?’ என்றால் நிஜமாகவா? ‘ஊஹூம்’ என்றால் மாட்டேன். ‘ஓஹோ’ என்றால் இப்போது புரிந்தது. நாக்கை மேலண்ணத்தில் தட்டி உச்சுக்கொட்டினால் பாவம் என்று பொருள். நான்கைந்து வயதுக் குழந்தைகளுக்கு முதல் இரண்டு வாரம் இது மட்டும் போதும். நீங்கள் கதை சொல்லுங்கள்; அவர்கள் உம் கொட்டட்டும். டெலிவிஷன் கதைக்கும் கைபேசிக் கதைக்கும் உம் கொட்ட முடியாது, கொட்டினாலும் அது காத்திருக்காது. ஆகவே கதையை நீங்கள்தான் சொல்லவேண்டும், வேறு வழியில்லை.

அடுத்து, கதையை நடுவில் நிறுத்தி உணர்ச்சிச் சொல்லை மட்டும் குழந்தையிடம் விட்டுவிடுவது. இதற்கு நான் எடுத்துக்கொள்வது கொழுக்கட்டைக் கதை. உங்களில் பலர் சிறுவயதில் கேட்டதுதான். வகுப்பில் சொல்கிற விதத்தை அப்படியே தருகிறேன்.

ஓர் ஊரில் ஒரு மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்குப் போனார். மாமியார் ஒரு தட்டில் வெள்ளை வெளேரென்று எதையோ கொண்டுவந்து வைத்தார். ஆவி பறக்கிறது. மாப்பிள்ளை ஒன்றை எடுத்துக் கடித்தார். உள்ளே வெல்லமும் தேங்காயும்! (நிறுத்துங்கள். குழந்தைகள்: “ஆஹா!”) “அத்தை, இதுக்குப் பேர் என்ன?” “கொழுக்கட்டை மாப்பிள்ளை.” ஊருக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் செய்யச் சொல்லவேண்டும், பெயர் மறந்துபோகக்கூடாது என்று, “கொழுக்கட்டை, கொழுக்கட்டை, கொழுக்கட்டை” என்று சொல்லிக்கொண்டே நடந்தார். வழியில் ஒரு வாய்க்கால். (“அடேயப்பா, எவ்வளவு அகலம்!”) பின்னால் நாலடி போய், ஓடி வந்து, “அத்திரிபாச்சா!” என்று தாண்டினார். (“அப்பாடா!”) அக்கரையில் இறங்கி நடந்தார். “அத்திரிபாச்சா, அத்திரிபாச்சா, அத்திரிபாச்சா...”

இந்த இடத்தில் நான் சும்மா இருந்துவிடுவேன். நாலைந்து நொடி ஆகும். முதலில் ஒரு குழந்தைக்குத்தான் பிடிபடும். “ஐயையோ! பேரை மறந்துட்டாரே!” என்று கத்தும். உடனே கூடமே கத்தும். பார்த்தீர்களா, ‘ஏ’ விகுதி தானாகவே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, “எனக்கு அத்திரிபாச்சா செய்து கொடு” என்றார். மனைவி திகைத்துப்போனாள். அப்படி ஒரு பலகாரமா? தோசையைக் காட்டினாள். “ஊஹூம்!” அப்பத்தைக் காட்டினாள். “ஊஹூம்!” (பலகாரப் பெயர்களைக் குழந்தைகளே சொல்லட்டும். ஒருமுறை எங்கள் வகுப்பில் மோமோவும் வந்தது. கொழுக்கட்டைக்கு மிகவும் பக்கத்தில்தான் வந்துவிட்டார்கள்.)

பழைய கதையில் இதற்குப்பின் கோபம் வந்து அவன் மனைவியை அடிப்பான், கன்னம் வீங்கிப்போகும். அதை நான் சொல்வதில்லை. சிரித்துக்கொண்டிருக்கும் குழந்தைகளுக்கு நடுவில் அந்த அடி வேண்டாம் என்று எனக்குப் படுகிறது. நான் மாற்றிவிட்டேன்: மாப்பிள்ளை கோபத்தில் விருட்டென்று எழுந்திருக்கிறார், மேலே உத்தரம் இருப்பது தெரியாமல். ‘ணங்’! (“அம்மா!”) நெற்றி வீங்குகிறது. மனைவி ஓடி வந்து பார்த்து, “அச்சச்சோ! கொழுக்கட்டை மாதிரி வீங்கிடுச்சே!” என்கிறாள். மாப்பிள்ளை வலியை மறந்து குதிக்கிறார்: “ஐ! அதேதான்! கொழுக்கட்டை! கொழுக்கட்டை!”

வெளியூரில் வாழும் நமக்கென்றே யாரோ செய்துவைத்த கதைபோல இருக்கிறது இது. பயணத்தில் ஒரு வாய்க்காலைத் தாண்டும்போது, சும்மா வாயில் வந்த ஒரு கூச்சல், பத்திரமாகக் கொண்டுபோன சொல்லைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. திரும்பக் கிடைப்பதும் பாடப்புத்தகத்தால் அல்ல; பக்கத்தில் இருப்பவர் பதறிச் சொன்ன ஒரு சொல்லால்தான்.

மூன்றாவது கட்டத்தில் குழந்தையே கதை சொல்லவேண்டும். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. உணர்ச்சி முதலில், காரணம் பிறகு. “கிணத்துக்குள்ள ஒரு சிங்கம் தெரிஞ்சது, ஐயோ” என்றால் சுவை போய்விடும். “ஐயோ!” என்று சொல்லி, நிறுத்தி, எல்லோர் முகத்தையும் பார்த்து, அப்புறம் மெதுவாக, “கிணத்துக்குள்ள இன்னொரு சிங்கம்!” இதைக் குழந்தைகள் வெகு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். கூச்சப்படும் குழந்தையைக் கட்டாயப்படுத்தாதீர்கள். அதன் கையில் ஒரு துணிப் பொம்மையைக் கொடுத்து, பொம்மை என்ன சொல்லிற்று என்று கேளுங்கள். தான் சொல்லத் தயங்கும் ‘ஐயையோ’வைப் பொம்மையின் வாயில் வைத்துத் தாராளமாகச் சொல்லும்.

சில குழந்தைகள் அளவு மீறும். எங்கள் வகுப்பில் ஒருவன் வாக்கியத்துக்கு ஒரு ‘அடேயப்பா’ போட்டான். காகத்துக்கு அடேயப்பா, மரத்துக்கு அடேயப்பா, பாட்டிக்கும் அடேயப்பா. கதைக்கு ஐந்து புளியங்கொட்டை கொடுத்தேன். ஒருமுறை சொன்னால் ஒரு கொட்டையைத் திருப்பித் தரவேண்டும். பிறகு அவன் இடம் பார்த்துச் செலவழிக்கத் தொடங்கினான்.

இந்தியையும் ஆங்கிலத்தையும் தடை செய்யாதீர்கள். ‘அரே’ சொன்னால் ஒரு ரூபாய் அபராதம் என்று ஒரு வீட்டில் வைத்தார்கள். குழந்தை தமிழில் கதை சொல்வதையே நிறுத்திவிட்டது. நான் செய்வது வேறு. தொப்பி வியாபாரி கதையில் வியாபாரியைச் சாந்தினி சௌக்கிலிருந்து வரவழைத்துவிடுவேன். அவர் “அரே பாப் ரே!” என்று தலையில் கை வைக்கலாம். பக்கத்தில் நிற்கும் தமிழ்ப் பாட்டி என்ன சொல்வாள்? “அடப்பாவமே!” யார் வாயில் எந்தச் சொல் என்று குழந்தைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ‘சபாஷ்’ பாரசீகத்திலிருந்து வந்தது. இந்தியும் தமிழும் பங்கு போட்டுக்கொண்டன. அருவருப்புக்குச் சொல்லும் ‘சீ’யும் இரு பக்கமும் உண்டு. அது உங்களுக்கு இலாபம். ஒரு சொல் மிச்சம்.

எழுதும்போது ஆச்சரியக்குறி பற்றி ஒரு வார்த்தை. ஓலைச்சுவடிகளில் இந்தக் குறி கிடையாது, அச்சோடு வந்தது. அதற்கு முன்பும் தமிழர்கள் ஆச்சரியப்பட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், சொல்லாலும் நெட்டெழுத்தாலும். ஆகவே சொல்லில் உணர்ச்சி இருந்தால் குறி ஒன்று போதும். கைபேசிப் பழக்கத்தில் பிள்ளைகள் மூன்று நான்கு போடுகிறார்கள். நான் ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றை அடித்துவிடுவேன். எட்டு வயதுக்குக் கீழே இதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

வீட்டில் செய்யவேண்டியது கொஞ்சம்தான். வாரத்தில் இரண்டு நாள் இரவுச் சாப்பாட்டின்போது ஒரு கதை. மற்றபடி, பால் பொங்கினால், பேருந்து போய்விட்டால், ஜூன் மாத வெயிலில் மின்சாரம் திரும்ப வந்தால், வாயில் வரும் முதல் சொல் தமிழாக இருக்கட்டும். இது பிள்ளைகளுக்கு அல்ல, நமக்குத்தான் கடினம். எனக்கே இரண்டு மாதம் பிடித்தது.

அந்தத் திருநெல்வேலிப் பேரனைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? கொழுக்கட்டைக் கதை அவனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. போன மாதம் ஆச்சிக்குப் போன் போட்டு அவனே முழுக்கதையையும் சொன்னான். ஆச்சி அந்தப் பக்கத்திலிருந்து ‘உம்’ கொட்டினாராம். வாய்க்காலைத் தாண்டும்போது இவன் நாற்காலியிலிருந்து குதித்ததில் போன் கீழே விழுந்து, எடுத்து, மறுபடி தொடர்ந்திருக்கிறான். “கொழுக்கட்டை மாதிரி வீங்கிடுச்சே!” என்று சொன்னவன் அத்தோடு நின்றுவிட்டான். கடைசி வரியை மறந்துவிட்டானோ என்று அவன் அம்மா எட்டிப்பார்த்தாராம்.

“ஐயோ, ஆச்சி! உங்க கை எப்படி இருக்கு?” என்று கேட்டுக்கொண்டிருந்தான்.